ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கோட்டை, அந்தப் பக்கம் ஒரு கோட்டை

வெள்ளி, சார்லா

பிரான்ஸின் தென்மேற்கில், போர்தோ நகரத்துக்குக் கிழக்கே, தோர்தோன் ஆறு சுண்ணாம்புக்கல் குன்றுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடுகிற ஒரு பகுதி இருக்கிறது. பெரிகோர் என்பது அதன் பழைய பெயர். ஆறு எங்கே திரும்பினாலும் மேலே ஒரு கோட்டை நிற்கும். பாதி பேர் இங்கே வருவது வாத்துக்கறிக்கும் ஒயினுக்கும். நாங்கள் வந்தது கோட்டைகளுக்காக. அக்காவும் அத்தானும் துலூஸில் இருக்கிறார்கள். காரில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வழி நெடுக வால்நட் தோப்புகள், மஞ்சள் கல் வீடுகள்.

தங்குவது சார்லாவில். இந்த ஊர் பழமை மாறாமல் நிற்பதற்கு முக்கியக் காரணம் வறுமைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய சாலைகளும் தொழிற்சாலைகளும் வேறு பக்கம் போய்விட்டன. இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசு இல்லை. 1962-ல் பண்பாட்டு அமைச்சர் ஆந்திரே மல்ரோ கொண்டுவந்த சட்டம், தனித்தனிக் கட்டடங்களை விட்டு முழுத் தெருக்களையும் பாதுகாக்க வழி செய்தது. அந்தச் சட்டத்தின் கீழ் முதலில் சீரமைக்கப்பட்ட ஊர்களில் சார்லாவும் ஒன்று.

கூரைகளைப் பார்க்காமல் நடக்காதீர்கள். லோஸ் என்று ஒரு தட்டைச் சுண்ணாம்புக்கல். சாந்து எதுவும் இல்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். தன் எடையிலேயே நிற்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரை சுமார் 500 கிலோ. அதைத் தாங்க உள்ளே ஓக் உத்திரங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று அத்தான் தெருவில் நின்றபடியே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். சிவில் என்ஜினியர். இனி எல்லாக் கோட்டையிலும் இது நடக்கும் என்று அக்கா எச்சரித்தாள்.

சனி, பெய்னாக்

காலையில் சார்லா சந்தை. பாலாடைக்கட்டி, வால்நட் எண்ணெய், பூண்டு மாலைகள், எங்கு திரும்பினாலும் ஃபுவா கிரா டப்பாக்கள். வாத்துக்கும் கூஸுக்கும் தொண்டையில் குழாய் வைத்துத் தீனி திணித்து, வீங்க வைத்த ஈரலில் செய்வது அது. ஊர் நடுவே வெண்கலத்தில் மூன்று கூஸ் சிலைகள் வேறு! எனக்கு மனசு வரவில்லை. உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பில் பூண்டு போட்டு வறுத்துத் தருகிறார்கள், அதை மட்டும் சாப்பிட்டேன். கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று அக்கா கேட்டாள். பதில் சொல்லவில்லை.

மதியம் பெய்னாக். ஆற்றங்கரையில் வண்டியை விட்டுவிட்டு ஊருக்குள் ஏறினோம். கல் பாவிய சந்து, செங்குத்தாகப் போகிறது. மேலே வரைக்கும் கார் போக வேறு வழி உண்டு, முழங்கால் வலிக்காரர்கள் அதில் போகலாம். ஆனால் நடந்து ஏறினால்தான் புரியும்: கோட்டை ஆற்றிலிருந்து 150 மீட்டர் உயரத்தில், பாறையின் விளிம்பிலேயே நிற்கிறது. ஆற்றுப் பக்கம் மதிலே தேவையில்லை. நிலத்துப் பக்கம் மட்டும் இரட்டை மதில், அகழி.

உள்ளே பெரிதாகச் சாமான் எதுவும் கிடையாது. எனக்கு அது பிடித்திருந்தது. வெல்வெட் கயிறு கட்டி, மெழுகுப் பொம்மைக்கு ராணி உடுப்பு போட்டு வைத்திருக்கும் கோட்டைகளில் எனக்குத் தூக்கம் வந்துவிடும். இங்கே கல், மரம், விளக்கு வெளிச்சம், அவ்வளவுதான். படிகளின் நடுப்பகுதி கால் பட்டுப் பட்டுக் குழிந்திருக்கிறது. பெரிகோரின் நான்கு பெரும் பிரபு வம்சங்களில் பெய்னாக்கும் ஒன்று. பிரபுக்கள் கூடும் மண்டபத்தை ஒட்டி ஒரு சின்ன வழிபாட்டு அறை இருக்கிறது. நாலு பேர் நின்றால் நெருக்கடி. சுவரில் பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியம், இயேசுவின் கடைசி இராவுணவு. நிறம் மங்கிவிட்டாலும் மேசை விரிப்பின் மடிப்பு கூடத் தெரிகிறது.

மேல் தளத்து மதிலில் ஒரு அம்புத் துளை. அதில் கண்ணை வைத்தால் ஆறு, அதற்கு அப்பால் எதிர்க்கரைக் குன்றின் மேல் இன்னொரு கோட்டை. அதுதான் காஸ்தெல்நோ. பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தும் பிரான்ஸும் மோதிக்கொண்ட நூறாண்டுப் போரில் பெய்னாக் பிரெஞ்சு அரசர் பக்கம், காஸ்தெல்நோ ஆங்கிலேய அரசர் பக்கம், நடுவில் ஆறுதான் எல்லை. எல்லாப் பயணக் கையேட்டிலும் இந்த வரி இருக்கும்.

வரி பொய் இல்லை. ஆனால் அதை அப்படியே நம்பினால் கதை கெட்டுப்போகும். முதலில், அந்த “ஆங்கிலேயர்” யார்? 1152-ல் இந்தப் பகுதியும் அடங்கிய அக்கித்தேன் நாட்டின் கோமகள் எலியனோர், பிளான்டாஜெனெட் ஆன்ரியைக் கட்டிக்கொண்டார். இரண்டு வருடத்தில் ஆன்ரி இங்கிலாந்து அரசரானார். சீதனமாக நாடு போனது, அவ்வளவுதான். அவர்கள் மகன்தான் சிங்க நெஞ்சன் ரிச்சர்ட். அவர் ஆட்சிக் காலத்தில் இங்கிலாந்தில் இருந்ததே சில மாதங்கள்தான். பெய்னாக் கோட்டையைப் பிடித்துத் தன் தளபதி மெர்காதியேவிடம் ஒப்படைத்தவரும் அவர்தான். 1199-ல் ரிச்சர்ட் இறந்தார், அடுத்த வருடமே மெர்காதியே கொல்லப்பட்டார், கோட்டை மறுபடி பெய்னாக் குடும்பத்துக்கு வந்தது. பிறகு 1360-ல் பிரெத்தினி ஒப்பந்தத்தில் பிரெஞ்சு அரசர் இந்தப் பகுதியையே ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தபோது, சில வருடம் பெய்னாக்கும் காகிதத்தில் ஆங்கிலக் கோட்டைதான்.

அரசர்கள் எங்கோ இருந்தார்கள். இங்கே நடந்தது பங்காளிச் சண்டை. பக்கத்து மலைக்காரன் எந்தக் கொடியைப் பிடிக்கிறானோ, நாம் அதற்கு எதிர்க் கொடி.

ஞாயிறு, காஸ்தெல்நோ

கூட்டம் என்றால் கூட்டம். ஜூலை மாதம், ஞாயிற்றுக்கிழமை, வேறு எப்படி இருக்கும்? காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். பதினொன்றுக்கு மேல் குறுகலான படிக்கட்டில் மேலே போகிறவரும் கீழே வருகிறவரும் ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டே பொழுது போய்விடும்.

காஸ்தெல்நோ பாழடைந்து கிடந்த கோட்டை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு ஊர்க்காரர்கள் இதைக் கல் குவாரி போலப் பெயர்த்து எடுத்துப் போயிருக்கிறார்கள். 1966-ல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்து, சீரமைத்து, 1985-ல் மத்தியகாலப் போர் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். வாள், கவசம், குறுக்குவில் எல்லாம் உள்ளே. ஆனால் பார்க்க வேண்டியவை வெளியே, மதில் ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன: ஆள் உயரம் போல மூன்று நான்கு மடங்கு உயரத்தில், முழு அளவில் செய்து வைத்த கல்லெறி இயந்திரங்கள்.

பெரியது திரெபுஷே. நீண்ட மர நெம்புகோலின் குட்டைப் பக்கம் ஒரு பெட்டி, அதில் டன் கணக்கில் மண்ணும் கல்லும். நீண்ட பக்கத்து நுனியில் கயிற்றுக் கவண். பக்கத்தில் இரண்டு பெரிய மரச் சக்கரங்கள். ஆட்கள் சக்கரத்துக்குள் ஏறி நடந்து நடந்து நெம்புகோலை இழுத்துக் கட்டுவார்கள். கொக்கியைத் தட்டிவிட்டால் பெட்டி தொப்பென்று இறங்கும், கவண் சுழன்று மேலே போய்க் கல்லை விடும். 100 கிலோ கல் 200 மீட்டர் போகும். ஆனால் மறுபடி தயார் செய்ய நேரம் பிடிக்கும், மணிக்கு ஒன்றிரண்டு கல்தான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடிப்பதுதான் இதன் பலம்.

“சித்தி, அப்ப கோட்டைக்குள்ள இருக்கிறவங்க மத்தியானம் தூங்கலாம்ல?” என்றாள் அக்கா மகள். வழிகாட்டியிடமே பிரெஞ்சில் கேட்டும் விட்டாள். அவர் சிரித்துவிட்டு, அந்த இடைவெளியில் சுவரை அடைக்கச் சின்ன இயந்திரங்கள் விடாது என்று காட்டினார். பியெரியேர் என்பது அதில் ஒன்று. பெட்டிக்குப் பதில் கயிறு, ஆட்கள் சேர்ந்து இழுத்தால் நிமிடத்துக்கு ஒரு கல். மதில் மேலிருந்து காக்கிறவர்களுக்கும் அதுதான் ஆயுதம். ஆண்தான் இழுக்க வேண்டும் என்பதில்லை.

இங்கே அக்கா குறுக்கே புகுந்தாள். அவள் ஊர்க் கதை ஆயிற்றே. 1214-ல் இந்தப் பள்ளத்தாக்குக்குள் புகுந்து பெய்னாக், காஸ்தெல்நோ இரண்டையும் ஒரே வீச்சில் பிடித்தவர் சிமோன் த மோன்ஃபோர். கத்தார் என்கிற கிறித்தவப் பிரிவினரை ஒழிக்கப் போப் அறிவித்த சிலுவைப் போரின் தளபதி. நாலே வருடத்தில், 1218 ஜூன் 25 அன்று, துலூஸை முற்றுகையிட்டு நின்றபோது மதிலுக்குள்ளிருந்து வந்த ஒரு கல் அவர் தலையில் விழுந்தது. ஆள் அங்கேயே முடிந்தார். அந்த இயந்திரத்தை இழுத்தவர்கள் துலூஸ் நகரத்துப் பெண்கள் என்பது அந்தக் காலத்திலிருந்தே வழங்கி வரும் செய்தி. “எங்க ஊர்ப் பொம்பளைங்க” என்று அக்கா சொன்ன தோரணையில், அவளும் கயிறு பிடித்தவள் போல இருந்தது.

அன்று காஸ்தெல்நோவை ஆண்டவர் பெர்நார் த கஸ்னாக். கத்தார்களுக்கு ஆதரவானவர். சார்லா மடத்தில் 150 ஆண், பெண்களின் கையையும் காலையும் வெட்டி, கண்ணைப் பிடுங்கி விட்டிருந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார் ஒரு துறவி. அந்தத் துறவி சிமோனின் படையோடு வந்தவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பெர்நார் அடுத்த வருடமே திரும்பி வந்து கோட்டையைப் பிடித்து, உள்ளே இருந்த காவல் படையைத் தூக்கிலிட்டார் என்கிறார்கள். அந்தக் காலத்தில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

நூறாண்டுப் போரில் கோட்டை பலமுறை கை மாறியது. 1442-ல் ஏழாம் சார்ல் அரசரின் படை மூன்று வாரம் முற்றுகை போட்டது. முடிவு? ஆங்கிலத் தளபதி உயிரையும் 400 எக்யூ காசையும் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அத்தனை இயந்திரங்களையும் பார்த்துவிட்டு வந்து இதைப் படித்ததும் அத்தான், “கடைசியில செட்டில்மென்ட்டா!” என்றார்.

திங்கள், ஆற்றில்

செனாக் ஊரில் படகு வாடகைக்கு எடுத்து பெய்னாக் வரை துடுப்புப் போட்டோம். நீர் குறைவு, வேகமும் இல்லை. இரண்டு இடத்தில் கூழாங்கல் திட்டில் படகு தட்டி நின்றது, இறங்கித் தள்ளினோம். தண்ணீர் சில்லென்று முழங்காலுக்குக் கீழேதான். குழந்தையோடு தாராளமாகப் போகலாம்.

லா ரோக் காஜியாக் கிராமம் முதலில் வரும். செங்குத்துப் பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரே வரிசை வீடுகள். தெற்குப் பார்த்த பாறை வெயிலைத் தேக்கி வைப்பதால் பனைவகை மரங்களும் மூங்கிலும் வாழையும் வளர்கின்றன, பிரான்ஸில் அதுவும்! அழகுதான். ஆனால் 1957 ஜனவரியில் இந்தப் பாறையின் ஒரு துண்டு பெயர்ந்து வீடுகள் மேல் விழுந்து மூன்று பேர் இறந்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் வெளுப்பாக ஒரு தழும்பு தெரிகிறது.

கோட்டைகள் ஏன் இங்கே கட்டினார்கள் என்பது படகில் உட்கார்ந்தால்தான் உறைக்கும். ரயில் வரும்வரை இந்த ஆறுதான் நெடுஞ்சாலை. கபார் என்கிற தட்டை அடிப் படகுகள் மேல்மலைக் காட்டிலிருந்து ஓக் மரம் ஏற்றிப் போகும், ஒயின் பீப்பாய் செய்ய. ஊர் போய்ச் சேர்ந்ததும் பல படகுகளைப் பிரித்து அந்தப் பலகையையும் விற்றுவிடுவார்கள். ஆட்கள் நடந்தே வீடு திரும்புவார்கள். இத்தனை சரக்கும் கண்ணெதிரே போகும்போது மேலே உட்கார்ந்திருப்பவன் சும்மா விடுவானா? சுங்கம். ஆற்றின் எந்த வளைவு யாருக்கு என்பதில்தான் சண்டையே.

காஸ்தெல்நோவைத் தாண்டிய பிறகு ஆற்றுக்குள் கான்கிரீட் தூண்கள் நின்றன. மேலே பாலம் இல்லை. பெய்னாக் ஊருக்குள் லாரி நெரிசலைக் குறைக்கப் புறவழிச்சாலை போட 2018-ல் வேலை தொடங்கினார்கள். நிலக்காட்சி கெடும், உயிரினம் அழியும் என்று எதிர்ப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த வருடக் கடைசியிலேயே பிரான்ஸின் உச்ச நிர்வாக நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கட்டியதையும் இடித்துப் பழையபடி ஆக்கச் சொன்னது. மாவட்ட நிர்வாகம் விடாமல் மல்லுக்கட்டியது. ஊரில் கார் ஜன்னல்களிலும் வேலிகளிலும் பாலம் வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் ஒட்டி வைத்திருந்தார்களாம். அம்புத் துளைக்கு வேலை வராத வரைக்கும் சரி.

செவ்வாய், மிலாந்தும் தோமும்

மழை. மிலாந்த் மாளிகை 1489-ல் கட்டியது, போருக்கான கோட்டை இல்லை. பிரபு ஒருவர் தன் மனைவி வசதியாக வாழக் கட்டிக் கொடுத்த வீடு. ஜன்னல்கள் பெரிது என்பதிலேயே தெரிந்துவிடும், சண்டை ஓய்ந்துவிட்டது என்று.

ஆனால் எல்லோரும் இங்கே வருவது ஜோசஃபின் பேக்கருக்காக. 1906-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஏழை வீட்டில் பிறந்து, பாரிஸ் மேடையை ஆட்டிப் படைத்த கறுப்பின நடனக்காரி. முதலில் வாடகைக்கு இருந்து, 1947-ல் மாளிகையையே வாங்கினார். உலகப் போரில் பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்துக்கு உளவு வேலை பார்த்தார். இசைக் குறிப்புத் தாள்களில் கண்ணுக்குத் தெரியாத மையால் எழுதிய செய்திகளைச் சுமந்தார். மேடையில் அவர் கட்டி ஆடிய வாழைப்பழப் பாவாடையும் இங்கே கண்ணாடிப் பெட்டியில், போர்ப் பதக்கங்களும் இங்கே. பல நாட்டிலிருந்து 12 குழந்தைகளைத் தத்தெடுத்தார். கறுப்பும் பொன்னிறமுமான அவருடைய குளியலறையில் அக்கா மகள் வெகு நேரம் நின்றாள்.

சமையலறைக்கு வெளியே ஒரு படி. கடன் முற்றி மாளிகை ஏலம் போய், 1969-ல் புதிய உரிமையாளர் தரப்பு அவரை வெளியேற்றியபோது, தலையில் குளியல் தொப்பி, மேலே போர்வையோடு அந்தப் படியில் அவர் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் மாட்டியிருக்கிறது. வயது 62. 2021-ல் அவருக்குப் பாரிஸின் பாந்தெயோனில், நாட்டின் பெருமக்களுக்கான நினைவாலயத்தில், இடம் கொடுத்தார்கள், அங்கே நுழைந்த முதல் கறுப்பினப் பெண். இரண்டு நாளாகக் கல்லும் கவசமும் பார்த்ததில் எதுவும் அந்தப் படி அளவுக்கு என்னை நிறுத்தவில்லை.

தோம் ஊரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1281-ல் மூன்றாம் பிலிப் அரசர் குன்றின் உச்சியில் கட்டிய மதில் நகரம். மேலிருந்து பள்ளத்தாக்கின் காட்சி பிரமாதம். 1588-ல் விவான் என்ற புராட்டஸ்டன்ட் தளபதி முப்பது ஆட்களோடு இரவில் பாறைப் பக்கமாக ஏறி, உள்ளே போய்க் கதவைத் திறந்துவிட்டார். யாரும் ஏற மாட்டார்கள் என்று அந்தப் பக்கம் காவல் வைக்கவில்லை. கோபுர வாசலில் டெம்பிளர் வீரத் துறவிகளை 1307-லிருந்து சிறை வைத்திருந்தார்கள், அவர்கள் சுவரில் செதுக்கிய சிலுவைகள் உண்டு. வழிகாட்டியோடு மட்டும்தான் விடுவார்கள். எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. மற்றபடி தெரு முழுக்க நினைவுப்பொருள் கடைகள்.

புதன், கொமார்க்

ஒரே ஒரு கோட்டைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் கொமார்க் போங்கள். தோர்தோன் கரையில் இல்லை, வடக்கே பெயூன் என்கிற சிற்றோடைப் பள்ளத்தாக்கில். வண்டியை மேலே விட்டு, காட்டுக்குள் இறங்கி நடக்க வேண்டும். மரங்கள் விலகும் இடத்தில் கூரையில்லாத ஒரு பெரிய கோபுரம்.

இது தனிக் கோட்டை இல்லை. பல பிரபுக் குடும்பங்கள் ஆளுக்கொரு கோபுர வீடு கட்டிக்கொண்டு ஒரே மதிலுக்குள் இருந்த ஊர். தெரு தெரிகிறது, வாசல்படி தெரிகிறது. ஒரு வீட்டின் மூன்றாவது மாடியில் கணப்படுப்பு மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது, தளம் இல்லை. பெரிய கோபுரம் பின்னால் பெய்னாக் குடும்பத்தின் கைக்குப் போனது. அங்கேயும் அவர்களா என்று நினைத்தேன். ஊரைக் கைவிட்டதும் காடு மூடிவிட்டது. 1968-ல் கொமார்க் குடும்பப் பெயரையே கொண்ட ஒருவர் இதை வாங்கி, மரங்களை வெட்டி, மண்ணை அள்ளி வெளியே கொண்டுவந்தார்.

கோட்டைக்கு அடியிலுள்ள பாறையில் வெட்டிய குடியிருப்புகள் இன்னும் பழையவை. அதற்கும் கீழே ஒரு குகையில் ஆதி மனிதர் செதுக்கிய குதிரைத் தலை இருக்கிறது, பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. பாறையில் தொட்டில் மாட்டத் துளை, உத்திரம் செருகக் குழி, மாடு கட்டக் கல் வளையம் என்று அத்தான் ஒவ்வொன்றாகத் தடவிக் காட்டிக்கொண்டு வந்தார். இந்த முறை அக்கா தடுக்கவில்லை.

வியாழன், ரயிலில்

அவர்கள் துலூஸ் திரும்பிவிட்டார்கள். எனக்குப் போர்தோவில் விமானம், அதனால் சார்லாவிலிருந்து ரயில். பெட்டி காலியாக இருந்தது. பெர்ஜெராக் தாண்டி காஸ்தியோன் என்று ஒரு சின்ன நிலையம் வரும். நூறாண்டுப் போரின் கடைசிச் சண்டை, 1453 ஜூலை 17-ல், இங்கே இதே ஆற்றங்கரையில்தான் நடந்தது. பிரெஞ்சு முகாமிலிருந்து எழுந்த புழுதியைப் பார்த்து, எதிரி ஓடுகிறான் என்று நினைத்து ஆங்கிலத் தளபதி டால்பட் பாய்ந்தார். உள்ளே ஓடாமல் காத்திருந்தவை ழான் பியூரோவின் பீரங்கிகள். டால்பட்டும் அவர் மகனும் அங்கேயே மடிந்தார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை அண்ணாந்து பார்த்த கல்லெறி இயந்திரங்களுக்கெல்லாம் வேலை போயிருந்த காலம் அது.

டால்பட்டை வரவழைத்ததே போர்தோ நகரத்தார்தான். ஒயினை வாங்குகிறவன் இங்கிலாந்துக்காரன். பிரெஞ்சு அரசர் வந்து “மீட்டால்” வியாபாரம் போச்சு. 1451-ல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்ததும், அடுத்த வருடமே ரகசியமாக ஆங்கிலேயரைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள். அதனால் 1453 அக்டோபரில் நகரம் பணிந்த பிறகு ஏழாம் சார்ல் அரசர் அங்கே இரண்டு கோட்டை கட்டினார். ஆங்கிலேயர் கப்பலில் திரும்பி வந்தால் தடுக்க என்பது பாதிக் காரணம். போர்தோக்காரர்களைக் கண்காணிக்க என்பது மீதி. துரோம்பெத் கோட்டையை இடித்துவிட்டார்கள், அந்த இடம் இப்போது கான்கோன்ஸ் சதுக்கம், டிராம் வண்டிகள் கூடும் இடம். இன்னொன்று ஆ என்கிற பெயருடைய கோட்டை, அதன் கோபுரங்கள் மட்டும் மிச்சம், நீதிபதிகளுக்குப் பயிற்சி தரும் தேசியப் பள்ளியின் வளாகத்தில். நாளை விமானம் மதியம்தான். காலையில் டிராம் பிடித்து இரண்டையும் பார்த்துவிடலாம்.